அணியைச் சேர்ப்பவன் வில்லன்

ஆறு நாயகர்களை ஒரே திரையில் நிறுத்திவிட்டால் அணி உருவாகிவிடுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ தொடங்கிக் கடந்த கால் நூற்றாண்டில் ஹாலிவுட் எடுத்த சூப்பர் ஹீரோ அணிப் படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது புலப்படும். பெரும் பணம், தேர்ந்த தொழில்நுட்பம், புகழ்பெற்ற நடிகர்கள் என எல்லாம் எல்லாப் படங்களிலும் இருந்தன. ஆனாலும் சில படங்களில் நாயகர்கள் ஒருவரோடொருவர் பிணைந்து நிற்கிறார்கள். வேறு சில படங்களில் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு நாயகனுக்கும் முன்பே தனிப்படம் எடுத்து அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும் என்பது முதலாவது. எல்லோருக்கும் சமமான காட்சி நேரம் தரப்பட வேண்டும் என்பது இரண்டாவது. நடிகர்களுக்குள் இணக்கமும் நகைச்சுவையும் கைகூட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் நாயகர்களின் பக்கம் மட்டுமே நின்று பேசுகின்றன. அணியின் தலைவிதியைத் தீர்மானிப்பது எதிர்ப்பக்கம் என்பதே இக்கட்டுரையின் வாதம். நாயகர்களுக்கு நடுவே ஏற்கெனவே ஓடும் விரிசலைக் கண்டுபிடித்து அதில் கை வைக்கும் வில்லன் கிடைத்தால்தான் கூட்டம் அணியாகிறது. வெறும் பலசாலியான வில்லன் எத்தனை நகரங்களை அழித்தாலும் அதைச் செய்ய முடிவதில்லை.

இதற்கான காரணம் இவ்வகைப் படத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தனி நாயகன் கதையில் ஆபத்தை அளப்பது எளிது. அவனுடைய பலம் ஒருபுறம், எதிரியின் பலம் மறுபுறம். அணிப் படத்தில் இந்தக் கணக்கு உதவாது. இடியை ஏவும் கடவுள், பறக்கும் இரும்புக் கவசம், கோபப்படக் கோபப்பட வலுக்கூடும் பூதம் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் இருக்கையில் எதிரே எவனை நிறுத்துவது? திரைக்கதை ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, வில்லனை உலகையே விழுங்கும் அளவுக்கு ஊதிப் பெரிதாக்குவது. மற்றொன்று, முகமில்லாத ஒரு படையை அவனுக்குத் துணையாக அனுப்புவது. ‘அவெஞ்சர்ஸ்’ படத்தின் சிட்டாரிகள், ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தின் இயந்திர மனிதர்கள், ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் பாராடீமன்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள். இவர்களைப் பார்த்து எந்தப் பார்வையாளரும் நாயகனுக்காகப் பயப்படுவதில்லை. வெட்டுப்படுவதற்காகவே வந்த கும்பல் என்று எல்லோருக்கும் தெரியும். ‘இவர்கள் ஜெயிப்பார்களா?’ என்ற கேள்வி இப்படி வலுவிழந்துபோனபின் மிஞ்சுவது ‘இவர்கள் சேர்ந்திருப்பார்களா?’ என்பதுதான். தனி நாயகன் படம் எழுப்பவே முடியாத கேள்வி அது. அதை எழுப்பத் தெரிந்த எதிரியே அணிப் படத்துக்கு உரிய எதிரி.

திரைப்படத்துக்கு முன்பே காமிக்ஸ் இதழ்கள் இந்த உண்மையை மெல்ல மெல்லக் கண்டடைந்தன. முதல் சூப்பர் ஹீரோ அணியாகக் கருதப்படும் ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா 1940-இல் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் தோன்றியது. அந்த இதழில் நாயகர்கள் ஒன்றுகூடி அவரவர் சாகசத்தை அவரவர் சொல்கிறார்கள். பொது எதிரி இல்லாததால் அது ஓர் அணியின் கதையாக இல்லாமல் தனிக்கதைகளின் தொகுப்பாகவே நின்றது. 1960-இல் ஜஸ்டிஸ் லீக் அறிமுகமானபோது ஸ்டாரோ என்ற ராட்சத நட்சத்திர மீன் எதிரியாக வந்தது. பொது எதிரி கிடைத்துவிட்டான். ஆனால் அவனுக்கு நாயகர்கள் யார் என்பதில் எந்த அக்கறையும் இல்லை. அந்த இடத்தில் வேறு எந்த நாயகர்களை நிறுத்தியிருந்தாலும் கதை மாறியிருக்காது. 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் ‘அவெஞ்சர்ஸ்’ முதல் இதழைக் கொண்டுவந்தபோதுதான் பெரிய மாற்றம் நேர்ந்தது. அதில் லோக்கி தன் சகோதரன் தோரைப் பழிவாங்க ஹல்க்கைக் கருவியாக்குகிறான். அந்தச் சூழ்ச்சியே அயர்ன் மேன், ஆன்ட்-மேன், வாஸ்ப் ஆகியோரையும் ஒரே இடத்துக்கு இழுத்துவருகிறது. பிரிக்க நினைத்தவனே சேர்த்துவிடுகிறான். அடுத்த இதழின் முடிவிலேயே ஹல்க் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். சேர்ந்த வேகத்திலேயே உடையக்கூடியது இந்த அணி என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டில் அதே இருவர் படைத்த ‘எக்ஸ்-மென்’ இதழும் மேக்னீட்டோ என்ற வில்லனோடுதான் தொடங்கியது.

ஜாஸ் வீடன் இயக்கிய 2012-ஆம் ஆண்டின் ‘அவெஞ்சர்ஸ்’ இந்த மூலக்கருவை நன்றாகப் புரிந்துகொண்ட படம். நியூயார்க் நகரத்துச் சண்டைக்காக அதை நினைவில் வைத்திருப்பவர்களே அதிகம். ஆனால் படத்தின் உயிர் அதற்கு முன்பு, ஆகாயத்தில் மிதக்கும் போர்க்கப்பலின் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வாக்குவாதத்தில் இருக்கிறது. லோக்கி வேண்டுமென்றே பிடிபட்டு அந்தக் கப்பலுக்குள் வருகிறான். அவனுடைய செங்கோல் பக்கத்தில் இருக்க, அதுவரை அடக்கிவைத்திருந்த சந்தேகங்களை ஒவ்வொருவரும் வெளியே கொட்டுகிறார்கள். அணியைக் கூட்டிய நிக் ஃப்யூரி இரகசியமாக ஆயுதம் செய்கிறார் என்று கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் குற்றம் சாட்டுகிறார். கவசத்தைக் கழற்றிவிட்டால் நீ யார் என்று அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கைப் பார்த்துக் கேட்கிறார்; பிறருக்காகத் தன்னைப் பலிகொடுக்கும் ஆள் நீ இல்லை என்று அடித்துச் சொல்கிறார். ஹல்க்காக மாறக்கூடிய புரூஸ் பேனர் தன்னையறியாமல் செங்கோலைக் கையில் எடுத்து நிற்கிறார். லோக்கி புதிதாக எதையும் உருவாக்கவில்லை. இருந்ததைக் கிளறிவிட்டான், அவ்வளவுதான். இப்போது கிளைமாக்ஸைப் பார்ப்போம். லோக்கியை ஹல்க் தரையில் அறைந்து போட்டுவிட்டுப் போய்விடுகிறது. வில்லனின் தோல்வி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. படத்தின் உச்சம் வேறிடத்தில் இருக்கிறது. பாதுகாப்பு மன்றம் நகரத்தின்மீது ஏவிய அணு ஏவுகணையை டோனி ஸ்டார்க் சுமந்துகொண்டு, திரும்பி வரும் நம்பிக்கை இல்லாமல், விண்வெளி வாயிலுக்குள் பாய்கிறார். ஸ்டீவ் சொன்ன குற்றச்சாட்டுக்கு அதுவே பதில். வில்லன் கிளப்பிய சண்டைக்கு நாயகன் தன் செயலால் பதில் சொல்லும் அந்தக் கணத்தில்தான் அவர்கள் அணியாகிறார்கள். சிட்டாரிகள் அத்தனை சப்பையாக இருந்தும் படம் நிலைத்து நிற்பதன் காரணம் இதுவே.

இதே அமைப்பை மிக வேறுபட்ட படங்களிலும் காணலாம். பிரையன் சிங்கரின் ‘எக்ஸ்-மென்’ 1944-இல் போலந்தின் நாஜி வதைமுகாம் வாசலில், பெற்றோரிடமிருந்து பிடுங்கப்படும் ஒரு யூதச் சிறுவனோடு தொடங்குகிறது. அந்தச் சிறுவன்தான் மேக்னீட்டோ. மனிதர்கள் நம்மைப் போன்றவர்களைப் பட்டியலிடத் தொடங்கிவிட்டால் அடுத்தது என்ன என்பதை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். ஆகவே மனிதரோடு சேர்ந்து வாழலாம் என்று பேராசிரியர் சேவியர் தன் மாணவர்களுக்குச் சொல்லும்போது, அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சியாக அவனுடைய கையில் குத்தப்பட்ட எண்ணே இருக்கிறது. எக்ஸ்-மென் அணியில் இருக்கும் ஒவ்வொருவரும் மேக்னீட்டோ சொல்வது சரியாக இருக்குமோ என்ற ஐயத்தோடுதான் சேவியர் பக்கம் நிற்கிறார்கள். பிராட் பேர்டின் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) ஒரு குடும்பத்தையே அணியாக்கிய படம். அதன் வில்லன் சிண்ட்ரோம், சிறுவனாக இருந்தபோது மிஸ்டர் இன்கிரெடிபிளால் ஒதுக்கித் தள்ளப்பட்ட இரசிகன். எல்லாவற்றையும் தனியாகவே செய்வேன் என்ற தந்தையின் பிடிவாதம் வீட்டுக்குள் மனைவி மக்களை விலக்கிவைத்தது. வீட்டுக்கு வெளியே ஒரு எதிரியை வளர்த்தது. நோய் ஒன்றே, அதன் விளைவுகள்தான் இரண்டு. அதனால்தான் கடைசியில் குடும்பம் சேர்ந்து போரிடுவது சண்டைக்காட்சியாக மட்டும் நின்றுவிடாமல் அந்தத் தந்தையின் திருத்தமாகவும் அமைகிறது. 2016-ஆம் ஆண்டின் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ இந்தத் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. ஜீமோவுக்கு எந்தச் சக்தியும் இல்லை. அவெஞ்சர்கள் நடத்திய போரில் குடும்பத்தை இழந்த சாதாரண மனிதன் அவன். 1991-இல் டோனியின் பெற்றோர் கொல்லப்பட்ட காட்சியின் ஒளிப்பதிவு மட்டுமே அவன் கையில் இருக்கும் ஆயுதம். ஸ்டீவுக்கு அந்த உண்மை ஏற்கெனவே தெரியும், டோனிக்குத் தெரியாது. அந்த ஒரே விரிசலில் அவன் கை வைக்கிறான். வேற்றுலகப் படையால் உடைக்க முடியாத அணியை ஒரு பழைய ஒளிப்பதிவு உடைத்துவிடுகிறது.

இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை 2018-இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’. இருபதுக்கும் மேற்பட்ட நாயகர்கள்; அவர்களில் பலர் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. சிலர் நியூயார்க்கில், சிலர் வகாண்டாவில், சிலர் டைட்டன் கோளில். எந்தக் கணக்கிலும் அது சிதறிப்போயிருக்க வேண்டிய படம். சிதறாமல் காத்தது தானோஸ் எழுப்பும் ஒரே கேள்வி: ஓர் இலட்சியத்துக்காக இன்னோர் உயிரை விலையாகக் கொடுக்கலாமா? ஜிம் ஸ்டார்லின் 1973-இல் படைத்த தானோஸ், 1991-இல் வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ தொடரில் மரணத்தையே பெண்ணாகக் காதலித்து, அவளை மகிழ்விக்கப் பாதி உயிர்களை அழித்தவன். படமோ அந்தக் காதலை விட்டுவிட்டு, வளம் குறைவு, உயிர்கள் அதிகம் என்ற வாதத்தை அவன் வாயில் வைத்தது. இந்த ஒரு மாற்றத்தால் அவனுடைய கேள்வி நாயகர்களின் வாசலுக்கும் வந்துசேர்ந்தது. தோரின் உயிருக்காக லோக்கி, தானோஸ் தேடும் சக்திக் கற்களில் ஒன்றைக் கொடுக்கிறான். நெபுலாவின் வேதனையைத் தாங்க முடியாமல் கமோரா இன்னொரு கல்லின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறாள். உன் உயிரைவிட இந்தக் கல்தான் முக்கியம் என்று முதலில் சொன்ன டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், டோனியைக் காப்பாற்ற அதே கல்லை நீட்டுகிறார். விஷனைக் கொல்ல வாண்டா தயங்கித் தயங்கி, கடைசியில் காலம் கடந்தபின் கொல்கிறாள். தானோஸ் மட்டும் தன் மகள் கமோராவை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடத் தயங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்திராத நாயகர்கள் எல்லோரும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். அந்த ஒற்றுமையே படத்தை ஒன்றாகக் கட்டுகிறது. விடை 2019-இல் வந்த ‘எண்ட்கேம்’ படத்தில் கிடைக்கிறது. மகள் தள்ளப்பட்ட அதே மலையுச்சியில் நடாஷாவும் கிளிண்டும் நான்தான் சாவேன் என்று ஒருவரையொருவர் தடுத்துப் போராடுகிறார்கள். டோனி, பிறர் உயிரைக் கொடுத்து உலகை மாற்ற நினைத்தவனின் முன்னால் தன் உயிரைக் கொடுத்து உலகை மீட்கிறார். பிற உயிரை விலை பேசாதே, தேவையானால் உன் உயிரைக் கொடு என்பதே அணியின் பதில்.

எதிர்மறைச் சான்றாக ‘ஜஸ்டிஸ் லீக்’ கிடைத்திருப்பது ஆய்வாளருக்கு அரிய வாய்ப்பு. ஒரே கதை, அதே நடிகர்கள், அதே வில்லன், ஆனால் இரண்டு படங்கள். சாக் ஸ்னைடர் குடும்பத்தில் நேர்ந்த துயரத்தால் 2017-இல் விலக, ஜாஸ் வீடன் புதிய காட்சிகளை எழுதி எடுத்து இரண்டு மணி நேரப் படமாக முடித்தார். ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பு 2021-இல் எச்பிஓ மேக்ஸ் தளத்தில் வெளியானது. 2017 பதிப்பில் ஸ்டெப்பன்வுல்ஃப் மூன்று பெட்டிகளைத் தேடி வருகிறான், உலகை அழிக்கப் பார்க்கிறான், தோற்கிறான். அவனுக்கும் நாயகர்களுக்கும் இடையே எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை; ஸ்டாரோவின் காலத்துக்கே கதை திரும்பிவிட்டது. 2021 பதிப்பில் நீளம் மட்டும் கூடவில்லை. தலைவனிடம் பட்ட கடனைத் தீர்த்துவிட்டு வீடு திரும்ப ஏங்கும் அடிமையாக ஸ்டெப்பன்வுல்ஃப் மாறுகிறான். அதைவிட முக்கியமானது, அவன் தேடும் பெட்டிக்கும் சைபோர்க்குக்கும் உள்ள உறவு மீண்டும் கதையின் நடுவே வருகிறது. தாயைக் கொன்ற விபத்தில் சிதைந்த சைபோர்க்கை அவன் தந்தை அதே பெட்டியின் சக்தியால்தான் பிழைக்கவைத்தார். கடைசிப் போரில் அந்தப் பெட்டிகள் அவனுக்கு இறந்த பெற்றோரையும் முழு உடலையும் காட்டி ஆசையூட்டுகின்றன. அவன் மறுக்கிறான். அந்த மறுப்பு அவனை அணியின் இதயமாக்குகிறது. வில்லனுடைய ஆயுதம் ஒரு நாயகனின் காயத்தைத் தொட்ட உடனேயே அதே கதை உயிர்பெற்று எழுகிறது. இருந்தாலும் ஸ்னைடரின் பதிப்பை நான் முழுவெற்றியாகக் கொள்ளவில்லை. காயம் ஒருவனுக்கு மட்டுமே தொடப்படுகிறது. பேட்மேனையும் வொண்டர் வுமனையும் ஒருவர்மேல் ஒருவர் ஐயுறவைக்கும் எதுவும் எதிரியிடம் இல்லை. படத்தின் பலமும் குறையும் ஒரே அளவுகோலில் பிடிபடுகின்றன.

இனி மறுப்புகளுக்கு வருவோம். ஜேம்ஸ் கன் இயக்கிய ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ (2014) முதல் மறுப்பு. அதன் வில்லன் ரோனன் வெறும் மதவெறியன்; அவன் பேசுவதில் நினைவில் நிற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த அணி பலரின் மனத்தில் இடம்பிடித்தது. இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து என் வாதத்தைக் கூர்மைப்படுத்திக்கொள்கிறேன். வில்லனின் கவர்ச்சி வேறு, அவன் நிற்கும் இடம் வேறு. ரோனனிடம் கவர்ச்சி இல்லை. ஆனால் சரியான இடத்தில் நிற்கிறான். டிராக்ஸின் குடும்பத்தைக் கொன்றவன் அவன். கமோரா அவனிடம் ஒப்படைக்கப்பட்டவள், ஆகவே அவள்மீதே டிராக்ஸுக்குப் பகை. அணியின் முதல் விரிசல் அவனால் வந்தது. அவன் தேடிய கல்லைத் தனியே பிடிப்பவர் எரிந்து சாம்பலாவார். கைகோத்துப் பிடிப்பவர்கள் தாங்குவார்கள். யாரையும் நம்பாத நால்வர் கைகோக்கும் அந்தக் கிளைமாக்ஸ், எதிரியின் ஆயுதம் அணியின் குறையையே சோதித்ததால் பொருள்பெறுகிறது. இதே படைப்பாளியின் ‘தி சூயிசைட் ஸ்குவாட்’ (2021) படத்தில் ஸ்டாரோவே மீண்டும் வருகிறது. ஆனால் அணியைப் பிளப்பது அது இல்லை. அரசின் குற்றத்தை மறை, மக்களைக் கைவிட்டுத் திரும்பி வா என்று ஆணையிடும் அமாண்டா வாலர்தான் உண்மையான எதிரி. அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதா என்பதில் அணி இரண்டாகிறது.

இதைவிட வலுவான மறுப்பு அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954). அணிப் படங்களுக்கெல்லாம் முன்னோடி அது. அதில் கிராமத்தைக் கொள்ளையடிக்க வரும் நாற்பது பேருக்கு முகமே இல்லை எனலாம். நல்ல வில்லன் இல்லாமலே தலைசிறந்த அணிப் படம் எடுக்க முடிந்திருக்கிறதே? முடிந்ததற்குக் காரணம், அங்கே விரிசல் கதையின் நிலத்திலேயே ஓடுகிறது. உழவர்களுக்காகச் சாமுராய்கள் போரிடுகிறார்கள். அதே உழவர்கள் தப்பியோடிய சாமுராய்களைக் கொன்று பறித்த கவசங்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள். உழவனுக்குப் பிறந்து சாமுராயாக வேடமிட்டிருக்கும் கிகுச்சியோ இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் குற்றம் சாட்டும்போது அந்த விரிசல் திறந்துகொள்கிறது. வர்க்கமும் பசியும் செய்யும் வேலையை அங்கே வில்லன் செய்யத் தேவையில்லை. சூப்பர் ஹீரோ உலகத்தில் பசி இல்லை, மரணம்கூட நிரந்தரம் இல்லை. மனிதர்களைப் பிரிக்கும் வழக்கமான சக்திகள் எல்லாம் அங்கே வலுவிழந்து நிற்கின்றன. ஆகவே அந்த வேலை முழுவதும் வில்லன் தலையில் விழுகிறது. குரோசாவாவின் படம் என் வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது. எல்லைக்குள் அது உறுதியாகவே நிற்கிறது.

தனிப்படங்கள் முன்பே வந்திருந்தால்தான் அணி கூடும் என்ற வாதத்தை வரலாறே மறுக்கிறது. ‘எக்ஸ்-மென்’, ‘இன்கிரெடிபிள்ஸ்’, ‘கார்டியன்ஸ்’ ஆகியவற்றுக்கு முன் எந்த அறிமுகப் படமும் வரவில்லை. சூப்பர்மேனும் பேட்மேனும் வொண்டர் வுமனும் முன்பே திரையில் தோன்றியிருந்தும் 2017-இன் ‘ஜஸ்டிஸ் லீக்’ தேறவில்லை. வசூலையும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. 2016-இன் ‘சூயிசைட் ஸ்குவாட்’ எழுபது கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதைவிட மிக நேர்த்தியான 2021 படம், பெருந்தொற்றுக் காலத்தில் திரையரங்கிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் வெளியாகி, இருபது கோடியைக்கூடத் தொடவில்லை. வசூல் காலத்தையும் சந்தையையும் சொல்லும். அணி கூடியதா என்பதைச் சொல்லாது. காட்சி நேரத்தைச் சமமாகப் பகிர்வது பற்றிய வாதமும் இப்படித்தான். பத்து நாயகர்களுக்கும் பொறுமையாக இடம் ஒதுக்கிய ‘எட்டர்னல்ஸ்’ (2021) படத்தில், பூமி அழிந்தாலும் படைத்தவனின் ஆணையே பெரிது என்று நிற்கும் இக்காரிஸ்தான் உண்மையான பிளவு. ஆனால் அந்தப் பிளவு வெளிப்படும் வரை, கதைக்குத் தேவையில்லாத ஒரு விலங்கரசனோடு படம் நேரத்தைச் செலவிட்டுவிட்டது. நேரம் எத்தனை என்பதைவிட அது எந்தக் கேள்விக்குச் செலவாகிறது என்பதே முக்கியம்.

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வில்லனைக் கதையின் அச்சாக்கினால் நாயகர்கள் எதிர்வினை ஆற்றுபவர்களாகச் சுருங்கிவிடுவார்கள். பார்வையாளர் வில்லன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். தானோஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள்தொகை பெருகும் என்று 1798-இல் மால்தஸ் முன்வைத்த கவலையின் நிழல் அந்த வாதத்தில் விழுந்திருக்கிறது. வளத்தைப் பெருக்கும் ஆற்றலும் அதே கற்களில் இருக்கையில் உயிரைப் பாதியாக்குவானேன் என்ற எளிய கேள்வியைப் படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அது குறைதான். ஆனால் அந்தக் குறைக்குக் காரணம் வில்லனுக்குத் தரப்பட்ட கேள்வி இல்லை. நாயகர்களின் பதில் வாதமாக வராமல் செயலாக மட்டுமே வந்ததுதான் காரணம். மேக்னீட்டோவின் முன்னால் சேவியர் இருக்கிறார். பேசத் தெரிந்த எதிரிக்குப் பேசத் தெரிந்த நாயகன் கிடைக்கிறான். ஆகவே வில்லனைச் சிறுமைப்படுத்துவது தீர்வாகாது, நாயகனை அவன் உயரத்துக்கு வளர்ப்பதுதான் தீர்வு. வில்லனைச் சிறுமைப்படுத்திய படங்களில் நாயகர்களும் கூடவே சிறுத்துப்போனதைத்தான் இதுவரை கண்டோம்.

வெறும் பொழுதுபோக்குப் படங்களுக்கு இத்தனை அலசல் தேவையா என்று கேட்கலாம். தேவை என்றே நினைக்கிறேன். வேறுவேறு இயல்பும் நம்பிக்கையும் கொண்டவர்கள் எப்படிச் சேர்ந்து நிற்பது என்பதை இன்று கோடிக்கணக்கான இளைஞர்களிடம் பேசும் கதைவடிவங்களில் இதுவும் ஒன்று. பொது எதிரி வந்துவிட்டால் வேற்றுமை தானாக மறையும் என்று சொல்லும் படம் ஒரு பொய்யைச் சொல்கிறது. அப்படி மறையும் வேற்றுமை எதிரி போன மறுநாளே திரும்பி வரும். 1963-இல் ஹல்க் கோபித்துக்கொண்டு போனது அந்த உண்மையைத்தான் சொன்னது. நம்முடைய வேற்றுமையை நன்றாக அறிந்தவன் அதைக்கொண்டே நம்மை உடைக்கப் பார்ப்பான், அப்போதும் சேர்ந்திருக்க நாம் நம்மிடமுள்ள எதையாவது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொல்லும் படமே உண்மையைச் சொல்கிறது. டோனி தன்னலத்தை விட்டது, மிஸ்டர் இன்கிரெடிபிள் தனிமைப் பிடிவாதத்தை விட்டது, டிராக்ஸ் பழிவெறியைத் தாண்டிக் கைநீட்டியது எல்லாம் அத்தகைய திருத்தங்கள். அணிப் படம் எடுக்க அமரும் எழுத்தாளர் முதலில் எழுத வேண்டியது நாயகர்களின் சக்திகளின் பட்டியலை அல்ல, அவர்களுக்குள் தீராமல் கிடக்கும் பிணக்குகளின் பட்டியலை. அந்தப் பட்டியல் எந்த எதிரியின் கையில் கிடைத்தால் ஆபத்தோ, அவனே அந்தப் படத்துக்கு உரிய வில்லன்.